கொரோனாவில் ஓய்ந்த சங்கத்துக்கு மானியம் கிடைக்குமா?

உங்கள் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் புரட்டுங்கள். 2020 மார்ச் மாதக் கூட்டத்துக்கு அடுத்த கூட்டம் எந்தத் தேதியில் பதிவாகியிருக்கிறது? சில சங்கங்களில் அந்த இடைவெளி ஆறு மாதம். சிலவற்றில் இரண்டு வருடம். சில புத்தகங்களில் அந்தப் பக்கத்துக்குப் பிறகு எழுத்தே இல்லை.

2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. கோயில்கள் மூடப்பட்டன, அன்னதானம் நின்றது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வரும் பயணிகள் வரவில்லை. ஆத்தங்குடி டைல்ஸ் போடுகிறவர், கண்டாங்கிச் சேலை நெய்கிறவர், கொட்டான் முடைகிறவர் என எல்லோருக்கும் ஆர்டர் நின்றது. வருமானம் நின்ற வீட்டிலிருந்து சந்தாவும் வராது, சேமிப்பும் வராது. அப்படித்தான் பல அமைப்புகள் ஓய்ந்தன.

இப்போது மறுபடி எழுந்திருக்க நினைக்கிறீர்கள். "மானியம் வாங்கலாமே" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எங்கே கேட்பது, யார் கேட்கலாம், என்ன காகிதம் வேண்டும், வாங்கிய பிறகு என்ன கடமை என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். காரைக்குடி வட்டாரத்தில் மகளிர் குழுவோ, நற்பணி மன்றமோ, சிறு அறக்கட்டளையோ நடத்துகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

மானியம் என்றால் சும்மா கிடைக்கும் பணமா?

இல்லை. கடனைத் திருப்பித் தர வேண்டும். நன்கொடையைக் கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறார். பெரும்பாலும் நிபந்தனை இருக்காது. மானியம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. திருப்பித் தர வேண்டாம். ஆனால் இன்ன வேலைக்கு, இத்தனை மாதத்துக்குள் என்று எழுதிக் கொடுத்து வாங்கும் பணம் அது. வேலை நடக்காவிட்டாலோ, வேறு செலவுக்குப் போனாலோ, கொடுத்தவர் திருப்பிக் கேட்கலாம்.

இந்த ஊருக்கு இது புதிய பழக்கம் அல்ல. நகரத்தார் தொழில் வருவாயில் ஒரு பங்கை மகமையாக எடுத்துத் தர்ம காரியத்துக்கு வைத்தார்கள். நகரக் கோயில் செலவுக்குத் திருமணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாகக் கணக்கிட்டுப் புள்ளி வரி வாங்கினார்கள். பொதுப் பணம் என்றால் அதற்குக் கணக்கு உண்டு என்பது இங்கே பழகிய வழக்கம். மானியம் கொடுப்பவர்கள் கேட்பதும் அதைத்தான்.

கொரோனாவுக்கென்று தனியாக மானியம் கொடுத்தார்களா?

சில நாடுகளில் கொடுத்தார்கள். பிரிட்டனில் 2020 ஏப்ரலில் தொண்டு அமைப்புகளுக்கென்றே 75 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். அதில் 37 கோடி பவுண்டு சிறிய, நடுத்தர அமைப்புகளுக்கு. அமைப்பே மூடிப்போகாமல் காப்பாற்றுவது அதன் நோக்கங்களில் ஒன்று.

நம் நாட்டில் மத்திய அரசு தொண்டு அமைப்புகளுக்கென்று அப்படியொரு தொகுப்பை அறிவிக்கவில்லை. இங்கே உதவி பெரும்பாலும் மக்களுக்கு நேராகவும், மகளிர் குழுக்கள் வழியாகவும் வந்தது. 2020 மார்ச் 26-ல், அடமானம் இல்லாமல் மகளிர் குழுக்கள் வாங்கக்கூடிய கடனின் வரம்பை 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் ரூபாயாக உயர்த்துவதாக மத்திய அரசு அறிவித்தது. அது கடன்தான், மானியம் அல்ல.

தமிழ்நாட்டில் 2020 மே மாதம், உலக வங்கி உதவியோடு நடந்த தமிழ்நாடு ஊரகப் புத்தாக்கத் திட்டத்தின் வழியாக 300 கோடி ரூபாயில் கோவிட் சிறப்பு நிதியுதவித் தொகுப்பு அறிவிக்கப்பட்டது. பின்னாளில் 'வாழ்ந்து காட்டுவோம்' என்று பெயர் மாறிய திட்டம் இதுதான். நொடித்த கிராமத் தொழில்களுக்குக் கடன், உற்பத்தியாளர் குழுக்களுக்கு ஒருமுறை மூலதன மானியம், வெளியூரில் வேலை இழந்து ஊர் திரும்பிய இளைஞர்களுக்குக் கடன் என்று அது பிரித்துக் கொடுத்தது.

"பக்கத்து ஒன்றியத்துக்கு வந்தது, எங்களுக்கு ஏன் வரவில்லை?" என்று அப்போது நீங்கள் கேட்டிருக்கலாம். அந்தத் திட்டம் மாநிலம் முழுக்க 120 ஒன்றியங்களில் மட்டும்தான் நடந்தது. சிவகங்கை மாவட்டத்திலும் எல்லா ஒன்றியங்களும் அதில் சேரவில்லை. உங்கள் குழு தகுதி இல்லாதது என்று அதற்குப் பொருள் இல்லை.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பட்ஜெட்டில், கூட்டுறவு நிறுவனங்களில் மகளிர் குழுக்கள் வாங்கிய 2,756 கோடி ரூபாய் கடன் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். அதே காலத்தில் வணிக வங்கியில் கடன் வாங்கியிருந்த குழுவுக்கு இது பொருந்தவில்லை.

தனியாரும் கொடுத்தார்கள். 2020 ஏப்ரலில் விப்ரோ நிறுவனங்களும் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையும் சேர்ந்து 1,125 கோடி ரூபாய் அறிவித்தன. 2021-ல் எடல்கிவ் அறக்கட்டளை பலரைச் சேர்த்து 100 கோடி ரூபாய் நிதி திரட்டத் தொடங்கியது. 100 அமைப்புகளைத் தேர்ந்தெடுத்து, அமைப்புக்கு 80 லட்சம் ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளில் கொடுப்பது திட்டம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பணத்தைச் சம்பளத்துக்கும், வாடகைக்கும், கணக்கு எழுதுவதற்கும் செலவு செய்யலாம் என்றார்கள். பெருந்தொற்றில் அமைப்புகளைச் சாய்த்தது இந்த நிலைச் செலவுதான் (வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதாமாதம் வரும் செலவு).

அந்த மானியம் இன்னும் இருக்கிறதா?

'கொரோனா' என்ற பெயரில் வந்த அவசரத் தொகுப்புகள் அந்தந்தக் காலத்துக்கானவை. இன்று யாராவது "கொரோனா மானியம் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடுங்கள்" என்று வந்தால் அவரை நம்ப வேண்டாம். அரசு மானியத்துக்குத் தரகர் கிடையாது, கமிஷன் கிடையாது. ஆதார் நகலையும் கையெழுத்திட்ட வெற்றுத் தாளையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

ஆனால் எப்போதும் திறந்திருக்கும் வாசல்கள் சில உண்டு. எந்த வாசல் உங்களுக்கு என்பது உங்கள் அமைப்பு எந்த வகை என்பதைப் பொறுத்தது. அதை முதலில் முடிவு செய்யுங்கள்.

நாங்கள் மகளிர் குழு. எங்கே போவது?

கிராமத்துக் குழு என்றால் உங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிடம் முதலில் பேசுங்கள் (ஊரிலுள்ள குழுக்கள் எல்லாம் சேர்ந்த அமைப்பு, பி.எல்.எஃப். என்று சொல்வார்கள்). அடுத்து ஒன்றிய அலுவலகம். அதற்கு மேல் சிவகங்கையில் மகளிர் திட்ட அலுவலகம். காரைக்குடி நகரத்துக் குழு என்றால், 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்ட உங்கள் நகர அலுவலகத்தில் சமுதாய அமைப்பாளரைக் கேளுங்கள்.

என்ன கிடைக்கும்? சுழல் நிதி (குழு தன் சேமிப்போடு சேர்த்து உறுப்பினர்களுக்குள் சுற்றவிடும் மானியம்). சமுதாய முதலீட்டு நிதி (கூட்டமைப்பு வழியாகக் குழுவுக்கு வந்து, திரும்பக் கட்டிய பின் வேறொரு குழுவுக்குப் போகும் பணம்). பிறகு வங்கிக் கடன். முதலாவதைத் திருப்பித் தர வேண்டாம். மற்ற இரண்டையும் தர வேண்டும். கையெழுத்துப் போடும் முன் "இது எந்த வகை?" என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மானியம் என்று நினைத்து வாங்கிக் கடனாளி ஆனவர்கள் உண்டு.

குழுவின் தரத்தை எதை வைத்துப் பார்க்கிறார்கள்? ஐந்து விஷயங்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன் கொடுப்பது, தவணை தவறாமல் திரும்பக் கட்டுவது, கணக்குப் புத்தகம். பஞ்சசூத்திரம் என்று இதைச் சொல்கிறார்கள். கொரோனாவில் இவை ஐந்தும் அறுந்திருக்கும்.

"அப்படியானால் எங்கள் கதை முடிந்ததா?" இல்லை. நின்ற காலத்தை மறைத்துப் பழைய தேதியில் கூட்டங்களை எழுதிச் சேர்க்காதீர்கள். அது பொய்க் கணக்கு. பிடிபட்டால் குழுவின் பெயரே கெடும். "ஊரடங்கால் கூட்டம் நடக்கவில்லை, இன்று முதல் தொடர்கிறோம்" என்று ஒரு தீர்மானம் போட்டு, அடுத்த ஆறு மாதம் ஒரு கூட்டமும் தவறாமல் நடத்துங்கள். பிறகு தர மதிப்பீட்டுக்குக் கேளுங்கள்.

தொழில் பயிற்சி வேண்டுமா? நபார்டு (வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கி) மகளிர் குழு உறுப்பினர்களுக்குத் தொழில் பயிற்சி நடத்த மானியம் தருகிறது. அந்தப் பணம் பயிற்சி நடத்தும் தொண்டு நிறுவனத்துக்குப் போகும். பயன் உங்களுக்கு வரும். நபார்டின் மாவட்ட வளர்ச்சி மேலாளரிடம் விசாரிக்கலாம்.

நாங்கள் பதிவு செய்யாத நற்பணி மன்றம். எங்களுக்கு வழி உண்டா?

பதிவில்லாத அமைப்புக்கு அரசும் கம்பெனிகளும் நேராகப் பணம் தருவது அரிது. உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, பதிவு செய்வது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி சங்கமாகப் பதிய ஏழு பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். அறக்கட்டளை என்றால் ஆவணம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். குறைந்த பேர் போதும். சங்கத்தில் உறுப்பினர்கள் தேர்தலில் நிர்வாகிகளை மாற்றலாம். அறக்கட்டளையில் அறங்காவலர்களே தொடர்ந்து நிர்வகிப்பார்கள். ஊர்ப் பொதுக் காரியம் என்றால் சங்கம் பொருந்தும். ஒரு குடும்பமோ சில நண்பர்களோ தங்கள் பணத்தில் தொடங்குவது என்றால் அறக்கட்டளை பொருந்தும்.

இரண்டு, ஏற்கெனவே பதிவான நல்ல அமைப்போடு சேர்ந்து வேலை செய்வது. பணம் அவர்கள் கணக்கில் வரும், வேலை உங்கள் ஊரில் நடக்கும். இரண்டு தரப்பும் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தப் பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால், அவர்கள் அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பதிவு இருக்கிறது. ஆனால் நான்கு வருடமாக எதுவும் தாக்கல் செய்யவில்லையே?

பலருடைய நிலைமை இதுதான். வெட்கப்படாமல் நான்கு இடங்களைச் சரிபாருங்கள்.

முதலில் வங்கிக் கணக்கு. இரண்டு வருடம் வரவுசெலவு இல்லாவிட்டால் வங்கி அதைச் செயல்படாத கணக்காக வைத்துவிடும். பணம் எங்கும் போய்விடாது. நிர்வாகிகளின் அடையாள ஆவணங்களையும் புதிய தீர்மானத்தையும் கொடுத்து உயிர்ப்பித்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

இரண்டாவது நிர்வாகிகள். கொரோனாவில் நாம் பல பெரியவர்களை இழந்தோம். காலமான தலைவரின் கையெழுத்தில் இன்னும் கணக்கு நிற்கிறது என்றால் அதை முதலில் மாற்றுங்கள். அறக்கட்டளை என்றால் ஆவணத்தில் சொன்ன முறைப்படி புதிய அறங்காவலரைச் சேர்க்க வேண்டும். சங்கம் என்றால் பொதுக்குழு கூட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும். இறப்புச் சான்றிதழின் நகலைக் கோப்பில் வையுங்கள்.

மூன்றாவது பதிவாளர். சங்கம் ஆண்டுதோறும் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். நின்றுபோயிருந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு, நிலுவையைத் தாமதக் கட்டணத்தோடு நேர் செய்யுங்கள்.

நான்காவது வருமான வரிப் பதிவு. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

12ஏ, 80ஜி என்கிறார்களே, அவை என்ன?

12ஏ என்பது அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரி விலக்குத் தரும் பதிவு. 80ஜி என்பது உங்களுக்கு நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை தரும் அனுமதி. முன்பு ஒருமுறை வாங்கினால் போதும். பெருந்தொற்று நடந்துகொண்டிருந்தபோதே இந்த விதி மாறியது. 2021 ஏப்ரல் முதல் பழைய பதிவு வைத்திருந்த எல்லோரும் மறுபதிவு செய்ய வேண்டும், அதுவும் ஐந்தாண்டுக்குத்தான் செல்லும் என்றார்கள்.

ஊரடங்கில் இருந்த பல சிறு அமைப்புகளுக்கு இந்தச் செய்தியே போய்ச் சேரவில்லை. கடைசித் தேதியைப் பலமுறை நீட்டித்தார்கள். கடைசியாக 2024 ஜூன் 30 வரை கொடுத்தார்கள். அதையும் தவறவிட்டிருந்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரு பட்டயக் கணக்காளரை (சி.ஏ. என்று நாம் சொல்லும் ஆடிட்டர்) உடனே பாருங்கள்.

மறுபதிவு செய்தவர்களும் உத்தரவை எடுத்துக் கடைசித் தேதியைப் பாருங்கள். அந்தச் சுற்றில் பதிந்த பலருக்கு ஐந்தாண்டுக் காலத்தின் கடைசி நாள் 2026 மார்ச் 31. முடிவதற்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிப்பது விதி. ஆண்டு வருமானம் 5 கோடி ரூபாயைத் தாண்டாத அமைப்புகளுக்கு, 2025 ஏப்ரலுக்குப் பிறகு தரும் விண்ணப்பத்தில் 12ஏ பதிவு பத்தாண்டுக்குக் கிடைக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அதில் பிரிவு எண்கள் வேறு. ஆடிட்டர் வேறு எண்ணைச் சொன்னால் குழம்ப வேண்டாம்.

80ஜி வைத்திருந்தால் ஒரு வேலை கூடுதல். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் மே 31-க்குள் வருமான வரித் துறைக்கு இணையவழியே தர வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். நன்கொடையாளருக்குச் சான்றிதழ் அதன் பிறகுதான் எடுக்க முடியும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அவருக்குச் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் 80ஜி சலுகை இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு மனத்தாங்கல் வராது.

அரசுத் துறைகளிடம் மானியம் கேட்க இன்னொரு எண்ணும் வேண்டும்: என்.ஜி.ஓ. தர்ப்பண் எண் (நிதி ஆயோக்கின் இணையதளத்தில் தொண்டு அமைப்புகளுக்குத் தரும் அடையாள எண்). பதிவு இலவசம்.

கம்பெனிகள் தரும் சி.எஸ்.ஆர். பணம் எங்களுக்குக் கிடைக்குமா?

சி.எஸ்.ஆர். என்பது நிறுவன சமூகப் பொறுப்பு. கம்பெனிகள் சட்டம் 2013-ன்படி, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் உள்ள கம்பெனி, முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக வேலைக்குச் செலவிட வேண்டும். 2020 மார்ச் 23-ல், கோவிட் பணிக்குச் செய்யும் செலவும் இதில் சேரும் என்று அரசு அறிவித்தது. அதனால் அந்த ஆண்டு பல கம்பெனிகளின் பணம் நோய்த்தடுப்புப் பக்கம் திரும்பியது. வழக்கமாக வாங்கிக்கொண்டிருந்த சிறு அமைப்புகள் தவித்தன.

நீங்கள் கேட்க வேண்டுமானால் நான்கு தகுதிகள் பொதுவாகத் தேவை: பதிவான அமைப்பு, 12ஏ, 80ஜி, மூன்றாண்டு அனுபவம். இவற்றோடு, 2021 ஏப்ரல் முதல், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து ஓர் எண் வாங்க வேண்டும். அதில் ஆடிட்டர் சான்று வேண்டும்.

எந்தக் கம்பெனியைக் கேட்பது? தான் தொழில் நடத்தும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே சென்னைக்கும் மும்பைக்கும் கடிதம் போடும் முன், உங்கள் மாவட்டத்தில் ஆலையோ கிளையோ வைத்திருப்பவர்களைப் பட்டியல் எடுங்கள்.

"நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாதாமே, எங்கள் பணியாளர் சம்பளத்தை எப்படிக் கேட்பது?" என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தும் செலவுக்கான வரம்பு. வேலையை நேரடியாகச் செய்கிறவரின் சம்பளத்தைத் திட்டச் செலவாகவே காட்டிக் கேட்கலாம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவுகள் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பினால்?

செட்டிநாட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பதில், அனுப்புகிறவரின் பாஸ்போர்ட்டில் இருக்கிறது.

அவர் இந்தியக் குடிமகன், அங்கே வேலைதான் பார்க்கிறார் என்றால், தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சாதாரண நன்கொடையாக வாங்கலாம். அவருடைய இந்தியப் பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

அவர் மலேசிய, சிங்கப்பூர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், உங்கள் பெரியப்பா மகனாகவே இருந்தாலும் அமைப்புக்கு அவர் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடை. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும் அப்படித்தான். அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அது இல்லாமல் வாங்குவது குற்றம்.

2020 செப்டம்பரில் இந்தச் சட்டம் இறுகியது. வெளிநாட்டுப் பணம் முதலில் வந்து சேரும் கணக்கு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில் மட்டும்தான். நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றக் கூடாது. 2021-ல் இரண்டாம் அலை அடித்தபோது, வெளிநாட்டு உதவி வாங்கிய பெரிய அமைப்புகள் கிராமத்துச் சிறு அமைப்புகளுக்கு அதைப் பகிர முடியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

பதிவு வாங்க, அமைப்புக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாயாவது முக்கியப் பணிக்குச் செலவிட்டிருக்க வேண்டும். அதற்கு எட்டாத சிறு அமைப்புகள், குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து குறிப்பிட்ட தொகைக்கு முன் அனுமதி கேட்கலாம். அதற்கும் காலம் பிடிக்கும். உள்ளூர் வழிகளை முதலில் பாருங்கள்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

உருக்கமான வார்த்தைகள் வேண்டாம். ஐந்து கேள்விகளுக்குப் பதில் போதும்: யாருக்கு, என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை மாதத்தில், எவ்வளவு செலவில், நடந்ததை எப்படிக் காட்டுவீர்கள்?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். செட்டிநாட்டுக் கொட்டான் பனை ஓலையில் முடையப்படுவது. அழிந்துகொண்டிருந்த அந்தக் கைவேலையை விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாச்சார அறக்கட்டளை மீட்டெடுத்தது. அதற்குப் புவிசார் குறியீடும் (அந்த ஊர்ப் பொருள் என்பதற்கான சட்ட அங்கீகாரம்) கிடைத்தது. இதுபோன்ற ஒரு வேலையை உங்கள் ஊரில் 15 பெண்களோடு ஆறு மாதம் மறுபடி தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்கை விளக்குவதற்காக மட்டும்.

ஓலையும் சாயமும் 60,000 ரூபாய். பயிற்சி தருபவருக்கு மாதம் 8,000 வீதம் 48,000. ஆளுக்கு 1,000 வீதம் கருவிகள் 15,000. கண்காட்சிக்குப் போய்வர 25,000. கணக்கு எழுதுபவருக்கு மாதம் 4,000 வீதம் 24,000. இடவாடகையும் மின்சாரமும் மாதம் 3,000 வீதம் 18,000. மொத்தம் 1,90,000. இதில் 10,000 ரூபாயை நீங்களே போடுகிறீர்கள் என்றால் கேட்பது 1,80,000.

கடைசி இரண்டு வரிகளைக் கவனித்தீர்களா? கணக்கு எழுதுபவரின் கூலியையும் வாடகையையும் கேட்கக் கூச்சப்பட்டுப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு கைக்காசைப் போட்டு, நான்காவது மாதம் சோர்ந்துபோகிறார்கள். நியாயமான நிலைச் செலவை வெளிப்படையாகக் கேளுங்கள். அந்தத் தலைப்பில் தர முடியாது என்று சொன்னால், வேலையின் அளவைக் குறையுங்கள்; கணக்கை வளைக்காதீர்கள். உங்கள் பங்கு 10,000 என்பதும் முக்கியம். தன் கையையும் ஊன்றுகிறவர்களுக்குக் கொடுக்கத்தான் எவரும் விரும்புவார்கள்.

1948-ல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் முன்வைத்தார். அதனால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது, 1953-ல் திறக்கப்பட்டது. அரசின் பெரும்பணத்தை ஊர் தன் பங்கை முதலில் வைத்து அழைத்துவந்த கதை அது. உங்கள் பத்தாயிரம் செய்வதும் அதே வேலைதான்.

பணம் வந்துவிட்டது. பிறகு?

அந்த மானியத்துக்குத் தனிப் பேரேடு போடுங்கள். முடிந்தால் தனி வங்கிக் கணக்கு. ஒவ்வொரு செலவுக்கும் ரசீது. ரசீது தராத ஓலை வியாபாரியிடம் வாங்கினால், தேதி, பொருள், தொகை எழுதிய வவுச்சரில் அவர் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். வேலை தொடங்கும் முன்பு ஒரு படம், நடக்கும்போது ஒன்று, முடிந்த பின் ஒன்று. வந்தவர்கள் பெயரோடு வருகைப் பதிவேடு.

முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பார்கள் (சொன்ன வேலைக்கே பணம் செலவானது என்று ஆடிட்டர் கையெழுத்திட்டுத் தரும் தாள்). மிச்சம் இருந்தால் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், அல்லது எழுத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தலைப்பில் கூடி, இன்னொன்றில் குறைந்தால், செலவு செய்யும் முன் கேளுங்கள். முதல் மானியத்தின் கணக்கு நேராக இருந்தால், இரண்டாவது மானியத்துக்கு அதுவே சிபாரிசு.

கேட்டும் கிடைக்காவிட்டால்?

காரணத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். காகிதம் குறைவா, திட்டம் பொருந்தவில்லையா, பணம் தீர்ந்துவிட்டதா? மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதைச் சரி செய்யுங்கள். இரண்டாவதற்கு வேறு இடம் தேடுங்கள். மூன்றாவதற்கு அடுத்த ஆண்டு முன்கூட்டியே கேளுங்கள்.

அதோடு ஊருக்குள்ளேயே ஒரு கையிருப்பை வளர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் என்று 100 வீடுகளில் வாங்கினால் வருடத்துக்கு 24,000. சிறு அமைப்பின் வாடகையும் மின்கட்டணமும் ஓரளவுக்கு அதில் ஓடிவிடும். அடுத்த இடர் வரும்போது, மேலிருந்து உதவி வரும்வரை கதவு திறந்திருக்க அது போதும். மகமை வைத்த முன்னோர் யோசித்ததும் இதைத்தான்.

இன்றைக்கே எதைச் செய்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வரக்கூடியவர்களை மட்டுமாவது கூட்டுங்கள். பழைய தீர்மானப் புத்தகத்தையே கொண்டுவாருங்கள், புதியது வேண்டாம். கடைசியாக எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், அன்றைய தேதி போட்டு இப்படி எழுதுங்கள்:

"பெருந்தொற்றால் இதுவரை நம் கூட்டங்கள் நடக்கவில்லை. இன்று முதல் மாதம் ஒருமுறை கூடுவது என்றும், வங்கிக் கணக்கையும் பதிவுகளையும் மூன்று மாதத்துக்குள் நேர் செய்வது என்றும், இதுவரையான வரவுசெலவை அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்பும் படிப்பது என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

வந்தவர்கள் எல்லோரும் கையெழுத்திடுங்கள். நீங்கள் போகப்போகும் எந்த அலுவலகத்திலும் முதலில் கேட்கப்போவது அந்தப் பக்கத்தின் நகலைத்தான்.